கண்காட்சிக்கு ஐந்து இலைகள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும் பள்ளிக் கண்காட்சியில் ‘உணவும் பற்றாக்குறையும்’ என்ற தலைப்பில் ஓர் அரங்கு அமைக்கிறார்கள். ‘உணவை வீணாக்காதீர்’ என்று எழுதி வைக்கப் போவதாகச் சொல்கிறாள். எங்கள் வீட்டில் ஒரு பருக்கைகூட வீணாவதில்லை. போன வருடம் விலை இல்லாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு எதற்கு இந்தப் பாடம்? விவசாயி வீட்டுப் பிள்ளைகள் வேறு எதைக் காட்டலாம்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீடுகளிலும் ஓட்டல்களிலும் கடைகளிலும் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. ‘வீணாக்காதீர்’ என்ற வாசகம் அந்த நஷ்டத்துக்குப் பொருந்தும். வயலிலிருந்து கடைக்கு வருவதற்குள் போவது தனிக் கணக்கு. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது அதைத்தான். எனவே வாசக அட்டைகளைக் குறைத்து, ஒரு பந்தி போடச் சொல்லுங்கள். ஐந்து இலை போதும். ஒவ்வொன்றிலும் எடை போட்ட தானியம் இருக்க வேண்டும்.

முதல் இலை: 450 கிராம் தானியம். 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அதில் கிடைப்பது ஏறக்குறைய 1,550 கலோரி. நாளெல்லாம் மண் வெட்டுபவருக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். அந்தப் பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறியது. ஊரில் தானியமே இல்லாவிட்டால்தான் பஞ்சம் வரும் என்ற எண்ணத்தை இந்த இலை மாற்றும்.

இரண்டாம் இலை: 167 கிராம் அரிசி. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதி செய்கிறது. அதை 30 நாளுக்கு வகுத்தால் வருவது இது. சுமார் 580 கலோரி. வயிற்றுப் பசிக்குப் பெரிய துணை; ஆனால் ஒரு நாளின் முழுச் சாப்பாடு ஆகாது.

மூன்றாம் இலை: ஒரு நாளுக்கு வேண்டியது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 2,000 கலோரிக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறி, கீரை 400, பழம் 100, கொட்டை, எள் போன்றவை 35, எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி. இரண்டாம் இலையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே வேண்டாம். அரிசியில் குறைவது 83 கிராம்தான். பருப்பும் காயும் பாலும் அடியோடு இல்லை. இன்றைய பற்றாக்குறை அங்கேதான் இருக்கிறது.

நான்காம் இலை: வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரின் இலை. குழுவில் உள்ள ஒவ்வொரு மாணவியும் ஒரு சாதாரண நாளில், தன் வீட்டில் கடைசியாக உட்காருபவர் என்ன சாப்பிட்டார் என்று எத்தனை கரண்டி என எண்ணிக் குறித்து வர வேண்டும். விருந்தாளி வந்த நாள் கணக்கில் சேராது. பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும். களையெடுத்துத் திரும்பியவருக்கு மிஞ்சியது குழம்பின் அடியும் மோரும்தானா என்பது அப்போது தெரியும். எந்த வீடு என்று பெயர் எழுதக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை மட்டும் அருகில் எழுதினால் போதும்.

ஐந்தாம் இலை: வெறும் இலை. வயலுக்கும் இலைக்கும் நடுவே போனது இது. 2022இல் நபார்டு ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் செய்த ஆய்வில், அறுவடை முதல் விற்பனை வரை தானியங்களில் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதமும், காய்கறிகளில் 5 முதல் 12, பழங்களில் 6 முதல் 15 சதவீதமும் இழப்பு என்று தெரிய வந்தது. ஓர் ஏக்கரில் 60 கிலோ மூட்டை 40 விளைந்தால், அதில் 5 சதவீதம் இரண்டு மூட்டை. 120 கிலோ நெல் அரைத்தால் 78 கிலோ அரிசி வரும். ஒருவருக்கு 15 மாத ரேஷன் அரிசி அது! இலைக்குப் பின்னால் இரண்டு நெல் மூட்டைகளை நிறுத்திவையுங்கள்.

பறிக்காமல் விட்ட தக்காளியும் இந்த இலையில்தான் சேரும். அன்று பெட்டி என்ன விலை, பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எவ்வளவு என்று உங்கள் வீட்டுக் கணக்கையே ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஏன் விட்டீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அமைக்கும் முறை

• ஐந்து இலையும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மூங்கில் கட்டி, மேலே பாய் விரிக்கலாம். தெர்மகோல் வேண்டாம்.
• வாழை இலை அன்றைக்கே வாடிச் சுருளும். தையல் இலையோ பாக்கு மட்டைத் தட்டோ கண்காட்சி முடியும்வரை தாங்கும்.
• சமைத்த சோறு வேண்டாம். புளித்து ஈ மொய்க்கும். அரிசி, பருப்பை அப்படியே வைக்கலாம். பாலுக்கு 300 மில்லி அளவில் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.
• ஓரமாக ஒரு அரிசிச் சட்டியும் தராசும் வையுங்கள். வருபவர்கள் கண்ணளவாக 167 கிராம் அள்ளி, எடை போட்டுப் பார்க்கட்டும்.
• முடிந்ததும் தானியமும் காயும் வீடு திரும்ப வேண்டும். பசியைப் பற்றிய அரங்கிலிருந்து ஒரு கைப்பிடிகூடக் குப்பைக்குப் போகக் கூடாது.

ஐந்தாம் இலைக்குப் பிள்ளைகள் உங்கள் வயலிலேயே கணக்கு எடுக்கலாம். அறுவடை இயந்திரம் போன தாளடியில், ஒரு மீட்டர் நீள அகலமுள்ள குச்சிச் சட்டத்தைப் போட்டு, உள்ளே உதிர்ந்து கிடக்கும் நெல்மணிகளை எண்ண வேண்டும். நான்கைந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். சுமார் 45 மணி ஒரு கிராம் எடை இருக்கும். சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்றால் ஏக்கருக்கு 4 கிலோ. 450 மணி கிடந்தால் 40 கிலோ. எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கதிர் அதிகம் காய்ந்து உதிரும்வரை காத்திருக்காமல், மணியில் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போதே அறுங்கள். வீட்டில் இருப்பு வைக்கும் நெல்லை 14 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள். கண்காட்சி இரண்டு நாளில் முடிந்துவிடும். அந்தக் குச்சிச் சட்டத்தை மட்டும் அடுத்த அறுவடைக்கு எடுத்து வையுங்கள்.