பானர்மேன் ஜெனரல் அல்ல, மேஜர்!

பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரர் எல்லோரும் அவர்களுக்குத் "தளபதி"தான். பானர்மேனும் தளபதி, அக்னியூவும் தளபதி. பேச்சில் சூடு ஏறினால் "ஜெனரல் பானர்மேன்" என்றும் வந்துவிடும்.

"எதிரி எதிரிதானே, பதவியில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ராணுவத்தில் பதவிப் பெயர் வெறும் அடைமொழி அல்ல. எவ்வளவு பெரிய படையை, எவ்வளவு பெரிய போரை ஒருவரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்பதற்கான அளவுகோல் அது.

ஜெனரல் என்ற சொல்லையே பாருங்கள். அதற்குப் "பொதுவான" என்றுதான் பொருள். ஐரோப்பாவில் முழுப்படைக்கும் பொதுவான தலைவர் "கேப்டன் ஜெனரல்" எனப்பட்டார். பிறகு "கேப்டன்" உதிர்ந்து ஜெனரல் மட்டும் நின்றது. அவருக்குத் துணைவர் லெப்டினன்ட் ஜெனரல். மூன்றாமவர் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். அதில் "சார்ஜன்ட்" உதிர்ந்து மேஜர் ஜெனரல் ஆனது. லெப்டினன்டை விட மேஜர் பெரியவர், ஆனால் மேஜர் ஜெனரலை விட லெப்டினன்ட் ஜெனரல் பெரியவர் என்ற குழப்பம் வந்தது இப்படித்தான். இந்திய ராணுவத்தில் இன்றும் இதே வரிசைதான்.

இப்போது 1799-க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படைக்குத் தலைவர் ஜெனரல் ஹாரிஸ். செப்டம்பரில் கட்டபொம்மனை அடக்கக் கம்பெனி அனுப்பியதோ ஒரு மேஜரை! ஒரு பாளையக்காரருக்கு இது போதும் என்பது கணக்கு. செப்டம்பர் 5-ல் கோட்டை மீது நடந்த தாக்குதல் தோற்றது. அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கணக்கு சரியாகிவிட்டது என்று கம்பெனி நினைத்தது.

சரியாகவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை மீண்டும் எழுந்தது. தூத்துக்குடியும் கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போனது. மார்ச் 31-ல் மேஜர் மெக்காலே கோட்டையைத் தாக்கிப் பலத்த இழப்போடு பின்வாங்கினார். அதன் பிறகுதான் கூடுதல் படையோடும் பீரங்கிகளோடும் லெப்டினன்ட் கர்னல் அக்னியூ வந்தார். மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

மேஜர் போதாமல் அவருக்கும் மேலான ஒருவரை அனுப்ப வேண்டி வந்ததே, அதுதான் ஊமைத்துரைக்கு எதிரியே எழுதிக் கொடுத்த சான்றிதழ். எல்லோரையும் "தளபதி" என்று சொல்லும்போது இந்தச் சான்றிதழ்தான் அழிகிறது.

தமிழில் சொல் இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. நாயக்கர் காலத்துப் படைத்தலைவரைத் "தளவாய்" என்றார்கள். 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபைக் "கும்மந்தான்" என்றார்கள், அது கமாண்டன்ட் என்ற பதவியேதான். படிக்காத பாமரரும் பதவியைச் சரியாகச் சொன்ன ஊர் இது. மேஜர், கர்னல் என்ற சொற்கள் இன்று யாருக்குப் புரியாது?

கட்டபொம்மனைப் பெரிதாக்குவதற்காகத்தான் எதிரியைப் பெரிதாக்குகிறார்கள். ஆனால் கடைசியில் பதவி உயர்வு கிடைப்பது பானர்மேனுக்குத்தான், பாஞ்சாலங்குறிச்சிக்கு அல்ல.