கடலோரப் பழங்கட்டடங்களின் ஈரத்தடுப்புப் பணி குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: பொதுப்பணித்துறை உயர் அலுவலர்கள், புதுச்சேரி.

பொருள்: புல்வார் பகுதிப் பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கையில் சுண்ணாம்பு வேலைமுறையைக் கட்டாயமாக்கக் கோருதல்.



கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபின், பழங்கட்டடங்களின்பால் அரசின் கவனம் திரும்பியிருப்பதை எங்கள் சங்கம் வரவேற்கிறது. ஆயினும், நனைந்த சுவரைச் சிமெண்டால் மூடிவிடுவதையே நீர்க்காப்பு எனக் கருதும் வழக்கம் ஒப்பந்தப் பணிகளில் இன்னும் நீங்கவில்லை.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய இச்சுவர்களின் அடியில், நிலத்து நீரை மறிக்கும் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் கிடையாது. நுண்துளைகளின் வழியே நீர் தானாக மேலேறும்போது உடன்வரும் உப்பும், கடற்காற்று படியவைக்கும் உப்பும், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டுகையில் கரைந்தும் குறைகையில் மீண்டும் படிகமாகியும் வருவதால், செங்கல்லின் முகம் விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டு, உப்பைத் தான் வாங்கிக்கொண்டு, செங்கல்லுக்குப் பதிலாகத் தான் உதிரும்; சிமெண்டுப் பூச்சோ வெளியேறும் வழியை அடைத்து ஈரத்தை மேலும் உயரத்துக்கு ஏற்றிவிடும். புதுப் பூச்சு பளபளவென்றிருக்கும் முதல் ஆண்டில் இது எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

ஆகவே, சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, சுவர் உலர்ந்து உப்பு வெளிவரப் போதிய காலம் விட்டபின், நன்னீரில் நீற்றிய சுண்ணாம்பைக் கொண்டே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகப் பூச்சுவேலையை முடிக்குமாறு ஒப்பந்த நிபந்தனைகள் அமைய வேண்டும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் பதித்த மெட்ராஸ் டெரஸ் தளங்களில், தார்த்தாள் ஒட்டுவதற்கு மாறாக, வாட்டத்தைச் சீராக்கிக் கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் கலந்த காரையை மீண்டும் இட வேண்டும். கசிவு நீடித்தால் சுவருக்குள் புதைந்த உத்தர முனைகளே, வெளியே தெரியாமல், முதலில் உளுத்துப்போகும்.

இவற்றினும் அவசரமானது தெரு மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடப்படும் இடங்களில் வாசற்படிகள் புதைந்து, மழைநீர் சுவரடியில் தேங்கி நிற்கையில், உள்ளே செய்யும் எந்த வேலையும் பயன் தராது. உள்ளாட்சித் துறையுடன் கலந்து சாலை மட்டத்தைத் தாழ்த்தவும், சுண்ணாம்பு வேலைகளைத் துறையின் விலை விகிதப் பட்டியலில் தனி இனங்களாகச் சேர்க்கவும் சங்கம் கோருகிறது. பட்டியலில் இடமில்லாத வேலைக்கு மதிப்பீட்டிலும் இடம் கிடைப்பதில்லை.

இங்ஙனம்,
சங்கச் செயற்குழுவினர்