நிரனிறையும் ஏலக்காய் விலையும்

ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றது. அவ்விலைகளை ஜேசான் என்னும் அமைப்புடைய கோப்பில் எழுதுவோர், தேதிகளை ஒரு சதுர அடைப்பினுள்ளும் விலைகளை மற்றோர் அடைப்பினுள்ளும் வரிசையாய் நிறுத்துவாராயின், அது நன்னூலார் கூறிய நிரனிறைப் பொருள்கோளே யாகும். பைத்தான் மொழி அவற்றைப் பட்டியல்களாய்ப் படித்து, முதலுறுப்பைச் சுழியமெனத் தொடங்கி எண்ணும். பொருத்தம் இடத்தால் மட்டுமே அமையும். இடையில் ஒருநாள் விலை விடுபடின், பின்னுள்ளவை யாவும் முந்திய தேதிக்கு உரியனவாகத் தோன்றும். கோப்பைப் படிக்குங்கால் மொழி பிழையென்று உரையாது. அதனை நம்பிக் காயை விற்கும் சிறு விவசாயிக்கே நட்டம். ஆதலின், தேதியையும் விலையையும் பெயரிட்டு ஓருறுப்பாய்ப் பிணைத்து எழுதுதலே முறையென்பது எம் கருத்து. அடைப்புக்குறிகள் சில மிகுமேயெனின் மிகுக. உழைத்தவன் பெறும் விலை இடம் மாறலாகாது.