கடல் உள்வாங்கும் வரை நிற்பதா?

டிசம்பர் 26 வந்தால் மெழுகுவத்தி, மலர்வளையம், ஒரு சொற்பொழிவு. "கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்" என்று பிள்ளைகளுக்குப் பாடம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓடத்தான் வேண்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்கச் சொன்னது யார்? அது தாய்லாந்துக் கரைக்கான பாடம் ஐயா!

சுமத்ரா அருகே நம் தட்டு, கடலுக்கடியில் பர்மா தட்டின் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் செருகிக்கொண்டே போகிறது. மேல்தட்டின் விளிம்பு அதில் சிக்கிக் கீழே வளைகிறது. 2004-இல் அது விடுபட்டு நிமிர்ந்தபோது மேற்கே கடல்தரை உயர்ந்தது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் முதலில் தண்ணீர் இறங்கியது. நமக்கு முதலில் வந்ததே ஏற்றம்தான்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் வளைத்து விட்டுக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். நாமோ 'தட்டு நகர்வு, இரண்டு மதிப்பெண்' என்று நெட்டுரு போட வைக்கிறோம்.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? நிலநடுக்கத்தின் அளவு 8.6. சென்னையில் எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். எச்சரிக்கையும் விட்டார்கள், பெரிய அலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் நழுவின, கடல்தரை அதிகம் எழும்பவில்லை. இதை எங்கள் பக்கத்துக் குப்பத்தில் வந்து சொன்னவர் எவருமில்லை. "சும்மா பயங்காட்டுறாங்க" என்பதுதான் அங்கே மிஞ்சிய பாடம்.

2004-இல் காலை ஆறரைக்கே சென்னையில் பலருக்கு ஆட்டம் தெரிந்தது. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.