ஆறாத சால்கள்

உழுத நிலம் தன் தழும்பை விரைவில் மறைத்துக்கொள்கிறது. ஒரு மழை பெய்தால் புல் முளைக்கிறது, சால் மறைகிறது. கடலின் அடித்தரையும் இவ்வாறே தன்னைத் தேற்றிக்கொள்ளும் என்று, அங்கே உலோகம் தோண்ட விழைவோர் நம்மை நம்பச் சொல்கின்றனர். இக்கூற்று பொய் என்பதற்குக் கண்கண்ட சான்று உண்டு.

1989-இல், பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக் மாகடலில், ஏறத்தாழ 4,150 மீட்டர் ஆழத்தில், செருமானிய அறிவியலார் ஓர் ஆய்வு நடத்தினர். அங்கே உருளைக்கிழங்குபோல் கிடக்கும் மாங்கனீசு முடிச்சுகளை அள்ளினால் அடித்தரைக்கு என்ன நேரும் என அறிவதே நோக்கம். 8 மீட்டர் அகலக் கலப்பை ஒன்றால் தரையை 78 முறை கீறினர். 26 ஆண்டுகளுக்குப் பின், 2015-இல், அவ்விடத்தை மீண்டும் படமெடுத்து வரைபடமாக்கியபோது சால்கள் அழியாமல் தெளிவாகத் தெரிந்தன. சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் செயல்பாடு சில இடங்களில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்தக் கலப்பை முடிச்சுகளை அள்ளவில்லை. புரட்டி மண்ணில் புதைத்தது, அவ்வளவே. உண்மையான சுரங்கத்தொழிலோ அவற்றை அடியோடு எடுத்துச் செல்லும். பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளரும் பொருளை எவர் திருப்பித் தருவார்?

மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாமா, அவற்றுக்காகக் காடுகளைத் தோண்டுவதினும் இது மேலன்றோ என்கின்றனர். வினா நேர்மையானதே. ஆனால் ஒரு புண் மற்றொரு புண்ணுக்கு உரிமச்சீட்டு ஆகாது. காட்டை இழந்தவன் வீதிக்கு வந்து முறையிடுவான். கடலடிக்கு அந்த வாயும் இல்லை.

இது பிறர் கதை என ஒதுங்கவும் இயலாது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இம்முடிச்சுகளைத் தேடியறிய 2002-இல் நம் அரசு ஒப்பந்தம் செய்தது. 2021-இல் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதலும் அளித்தது. நம் கரையோரமே ஒரு பாடம் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகள் பல்லாண்டுகள் வெட்டப்பட்டன. 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்குள் இருக்கின்றன; பவளம் வெட்டியதும் அதற்கொரு காரணம் என்பர் ஆய்வாளர். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்ததோ 2001-இல்தான்.

அழிந்தபின் வரையப்படும் வரைபடம் பிணப் பரிசோதனை அறிக்கையே. அதற்காக நாம் அறிவியலாரைப் பாராட்டலாம். அதனால் உயிர் மீளாது. ஆகவே நாம் கேட்பது இதுவே: முதலில் கடலடி முழுமையாக வரையப்படட்டும், அவ்வரைபடம் கடலோர மக்கள் கையில், அவர்கள் மொழியில், வைக்கப்படட்டும், பழைய சால்கள் ஆறின எனக் காட்டும் நாள்வரை புதிய சால் எதற்கும் இசைவு வேண்டாம். காயத்தை அளந்து பார்த்த பின்பும் கத்தியை ஓங்குகிறவன், இனி அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.