85 சென்டிமீட்டர் ஆயிட்டா போதுமா?



மே மாசம் நெருங்கினா நம்ம வீடுகள்ல ஒரு பேச்சு ஆரம்பிக்கும். "இந்த லீவுக்கு எங்க போறது?" ஊட்டின்னு ஒருத்தர் சொல்வார், கொடைக்கானல்னு இன்னொருத்தர் சொல்வார், "கூட்டம் தாங்காது"ன்னு நாலு பேர் தட்டி விடுவாங்க. கடைசியில யாராவது "தீம் பார்க் போலாம், குழந்தைங்களுக்குத்தானே லீவு"ன்னு பஞ்சாயத்தை முடிச்சு வைப்பாங்க. அந்தக் "குழந்தைங்க" லிஸ்ட்ல ரெண்டு வயசு, மூணு வயசு வாண்டுகளும் இருக்கும்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அஞ்சு வயசுகூட ஆகாத குழந்தையை "அதுக்காகத்தான்" தீம் பார்க் கூட்டிட்டுப் போறோம்னு சொல்றது சுத்தப் பொய். நமக்காகப் போறோம். அதை ஒத்துக்கிட்டுப் போனா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். குழந்தை பேரைச் சொல்லிட்டுப் போறதுலதான் அத்தனை வம்பும் ஆரம்பிக்குது.

"டேய், உனக்கே இன்னும் அரியர் கிளியர் ஆகல, குழந்தை வளர்ப்பு பத்தி உனக்கென்ன தெரியும்?" நியாயமான கேள்வி. ஆனா நான் ஒரு தாய்மாமன். காது குத்தும்போது மடியில உக்கார வைக்கவும், தீம் பார்க்ல எல்லாரும் ரைடு போகும்போது குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு வெளியில நிக்கவும்தான் மாமன்னு ஒரு பதவியே இருக்கு. ரோலர் கோஸ்டர்ல போனவங்களுக்குத் தெரியாத பல விஷயம் கீழ நின்னவனுக்குத் தெரியும் :-)

டிக்கெட் கவுன்ட்டர் சொல்ற வயசு

"எந்த வயசுல கூட்டிட்டுப் போகலாம்?" இந்தக் கேள்விக்கு நம்ம ஆளுங்க பதில் தேடற இடம் டிக்கெட் கவுன்ட்டர். டிஸ்னி பூங்காக்கள்ல அமெரிக்காவுல 3 வயசுக்குக் கீழ இலவசம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல 4 வயசுக்குக் கீழ இலவசம். உடனே நம்ம கணக்கு ஓட ஆரம்பிக்கும்: "மூணு முடியறதுக்குள்ள போயிட்டு வந்துடணும், இல்லன்னா அதுக்கும் டிக்கெட்!" ரயில்ல அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் இல்லைங்கறதுக்காக ஆறு வயசுப் பையனை "நாலரைன்னு சொல்லுடா"ன்னு பழக்கின பரம்பரை இல்லையா நாம?

வொண்டர்லா மாதிரி நம்ம பக்கத்துப் பூங்காக்கள் இதுல உஷார். அங்க வயசைக் கேக்கறதில்ல, அளந்து பாக்கறாங்க. 85 செ.மீ.க்குக் கீழ இருந்தா இலவசம், அதுக்கு மேல 140 செ.மீ. வரைக்கும் குழந்தை டிக்கெட். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு சராசரிக் குழந்தை 85 செ.மீ.யைத் தொடறது ரெண்டு வயசு வாக்குல. ஆக, ரெண்டு வயசுக்குள்ள கூட்டிட்டுப் போனா லாபம்னு இன்னொரு கணக்கு கிளம்பும். "கொஞ்சம் முட்டியை மடக்கி நில்லுடா செல்லம்"ங்கற குரலை அந்த அளவுகோல் பக்கத்துல நின்னா கேக்கலாம்.

இலவசம்ங்கறது குழந்தை தயாராயிடுச்சுன்னு யாரும் குடுக்கற சான்றிதழ் இல்லீங்க. அது ஒரு வியாபார ஏற்பாடு. குழந்தைக்கு டிக்கெட் போடலன்னாலும் கூட வர்ற அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பாவுக்கு முழு டிக்கெட் உண்டு. சாப்பாடு, லாக்கர், நீச்சல் உடைன்னு மத்ததும் உண்டு. குழந்தை பேர்ல குடும்பமே உள்ள வருது. பூங்காக்காரரைத் தப்பு சொல்ல மாட்டேன், அவர் கடையைத் திறந்து வச்சிருக்கார். கடையோட விலைப்பட்டியலைக் குழந்தை வளர்ப்புப் புத்தகமா படிக்கற நம்மைத்தான் சொல்றேன்.

உயரப் பலகை எதுக்கு?

அடுத்தது ஒவ்வொரு ரைடு வாசல்லயும் இருக்கற உயரப் பலகை. "நம்ம குட்டி 90 செ.மீ. வந்துட்டா, இதுல ஏத்தலாம்!" அந்தக் கோடு எதுக்குன்னு யோசிச்சோமா? சீட்டுல இருக்கற பெல்ட்டும் மடியை அழுத்திப் பிடிக்கற கம்பியும் ஒரு குறிப்பிட்ட அளவு உடம்பைத்தான் பிடிச்சு வச்சுக்கும். அதுக்குக் குறைஞ்ச உடம்பு நழுவும். அந்தக் கோடு சொல்றது இவ்வளவுதான்: இந்தக் குழந்தை சீட்டுலேர்ந்து வெளியில விழாது. பயப்படாதுன்னோ, பிடிக்கும்னோ, ராத்திரி தூக்கத்துல அலறாதுன்னோ அது சொல்லல. சிங்கப்பூர்ல பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேணும். சராசரிக் குழந்தை அந்த உயரத்துக்கு வரவே ஏழு வயசு தாண்டணும். அதாவது மூணு வயசுக் குழந்தையோட போனா, அங்க இருக்கற முக்கியமான பாதிக்கு அது வெறும் பார்வையாளர்தான்.

டிஸ்னிலேண்டுக்கே ஒரு கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ்ல கிரிஃபித் பார்க்னு ஒரு இடம். அங்க மகள்கள் குடை ராட்டினம் சுத்தும்போது வால்ட் டிஸ்னி பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாராம். பெரியவங்களும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்கற மாதிரி ஒரு இடம் ஏன் இல்லன்னு தோணினது அப்போதான்னு அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலையில டிஸ்னிலேண்ட் திறந்துச்சு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் அந்த பெஞ்சுதான். அப்பா பெஞ்சுல உக்கார முடியற அளவுக்குத் தானா ராட்டினம் சுத்தத் தெரிஞ்ச பிள்ளைகள் அவங்க. இடுப்புல இருந்து இறங்காத கைக்குழந்தை இல்ல.

"ஒரு நல்ல ஞாபகமா இருக்கட்டும்"

யாருக்கு ஞாபகம்? உங்க மூணாவது வயசுல நடந்த ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. போட்டோ பாத்தும் அம்மா சொல்லிக் கேட்டும் வந்ததைக் கழிச்சுடுங்க. என்ன மிச்சம்? பெரும்பாலான பெரியவங்களோட முதல் ஞாபகம் மூணு, மூணரை வயசை ஒட்டித்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி வெறும் காலி. ஃப்ராய்டு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்குப் பேர் வச்சுட்டார், குழந்தைப் பருவ மறதின்னு.

அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல பாட்ரிசியா பவர்ங்கற உளவியலாளர் மூணு வயசுக் குழந்தைகள் சொன்ன சம்பவங்களைப் பதிவு பண்ணி வச்சுக்கிட்டு, சில வருஷம் கழிச்சு அதே குழந்தைகள்கிட்ட கேட்டுப் பாத்தாங்க. 2014-ல வெளியான ஆய்வு. அஞ்சுலேர்ந்து ஏழு வயசுல கேட்டப்போ பாதிக்கு மேல ஞாபகம் இருந்துச்சு. எட்டு, ஒன்பது வயசுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் மிச்சம். ஞாபகம் உருவாகாம இல்ல. உருவாகி, அப்புறம் கரைஞ்சு போகுது. நீங்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணி எழுதினது கடற்கரை மணல்ல. அலை வர்ற நேரமும் கிட்டத்தட்ட தெரியும்.

"ஞாபகம் இல்லாட்டி என்னப்பா, அன்னிக்கு சந்தோஷமா இருந்தா போதாதா?" இதுதான் எதிர்க்கட்சியோட பலமான வாதம். இதை நான் முழுசா ஏத்துக்கறேன். குழந்தைக்கு அன்னிக்கு இருக்கற சந்தோஷம் உண்மையான சந்தோஷம்தான். அப்படின்னா அந்த ஒரு நாளைப் பாப்போம், வாங்க.

அந்த ஒரு நாள்

மே மாசம். கத்திரி வெயில். பத்து மணிக்கே தரை கொதிக்குது. சின்னக் குழந்தை உடம்பு நம்மளைவிட சீக்கிரம் சூடாகும், தாகம்னு வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. ஒரு ரைடுக்கு அரை மணி நேரம் வரிசை. ரெண்டு வயசுக் குழந்தைக்கு "இன்னும் அரை மணி நேரம்"னா என்னன்னே புரியாது. அதுக்கு இருக்கறது "இப்போ" மட்டும்தான். மதியம் ஒண்ணரைக்குத் தூங்கற குழந்தை அந்த நேரம் டி.ஜே. சத்தத்துக்கு நடுவுல நிக்குது. மிக்கி மாதிரி, கரடி மாதிரி வேஷம் போட்டு ஆறடியில ஒருத்தர் கை நீட்டிக்கிட்டு வர்றார். உள்ள மனுஷன்தான் இருக்கார்னு உங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. தண்ணிப் பூங்காவா இருந்தா இன்னொரு கவலையும் உண்டு. இந்த வயசுக் குழந்தை முழங்கால் அளவு தண்ணியிலயும் மூழ்கலாம், அதுவும் சத்தமே இல்லாம. ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க முடியாது. போனைக் கையில வச்சுக்கிட்டுப் பாக்கற வேலை இல்ல அது.

போன வருஷம் அக்கா பொண்ணுக்கு ரெண்டரை வயசு. குடும்பத்தோட ஒரு பூங்காவுக்குப் போனோம். செயற்கை அலைக்கு சங்கு ஊதினதும் என் கழுத்தைக் கட்டினவ சாயங்காலம் வரைக்கும் விடல. அன்னிக்கு அவ நிஜமா சிரிச்சது ஒரு இடத்துலதான். கால் கழுவற குழாய்க்கிட்ட ஒரு காலி பாட்டில் கிடைச்சுது. ரொப்பினா, கொட்டினா. ரொப்பினா, கொட்டினா. முக்கால் மணி நேரம். அந்தச் சந்தோஷம் எங்க வீட்டுக் கொல்லைப்புறத்துலயே இருக்கு. ஒரு மக்கும் பக்கெட்டும் போதும்.

காசும் கண்ணீரும்

இதுவரைக்கும் சொன்னது செலவு, களைப்பு. அதுக்காக மட்டும் நான் இவ்வளவு கத்த மாட்டேன். எனக்குக் கோபம் வர்றது அடுத்த கட்டத்துலதான்.

காசு குடுத்தாச்சு. லீவு போட்டாச்சு. குழந்தை வரிசை முனைக்கு வந்ததும் "வேணாம்"னு அழுவுது. அந்த இடத்துல நம்ம ஜனங்க பேசறதைக் கேட்டிருக்கீங்களா? "எவ்ளோ டிக்கெட் தெரியுமா?" "அந்தப் பாப்பா பாரு, எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கு!" "ஆம்பளப் பையன் அழலாமா?" கடைசியில முதுகுல ஒண்ணு. மூணு வயசுக் குழந்தை கேட்காத ஒரு கடனுக்கு வட்டி கட்டுது. கட்ட வேண்டிய வட்டி என்னன்னா, சிரிக்கணும். போட்டோவுல தெரியற மாதிரி சிரிக்கணும்.

"பயத்தைப் போக்கத்தான் ஏத்தறோம், தைரியம் வரும்"னு ஒரு தத்துவம் வேற. பயந்த குழந்தையைக் கட்டிப்போட்டு உயரத்துல சுத்தினா தைரியம் வராது. அது கத்துக்கறது ரெண்டு பாடம். ஒண்ணு, பயம்னு சொன்னா அசிங்கம். ரெண்டு, நான் "வேணாம்"னு சொன்னாலும் பெரியவங்க நினைச்சா அது செல்லாது. இதே குழந்தைக்குத்தான் அப்புறம் "யாராவது பிடிக்காத மாதிரி தொட்டா வேணாம்னு சொல்லணும்"னு பாடம் எடுக்கறோம். முதல் "வேணாம்"ஐ நாமளே மதிக்கலன்னா ரெண்டாவது "வேணாம்" எங்கேர்ந்து வரும்?

"ஆனா..." சொல்றவங்களுக்கு

மூத்த பையனுக்கு எட்டு வயசு, அவன் ஆசைப்படறான், சின்னதை என்ன பண்றது? போங்க, தாராளமா போங்க. ஆனா அன்னிக்கு அது மூத்தவனோட நாள். சின்னது பாட்டிகிட்ட இருக்கட்டும். கூட வந்தே ஆகணும்னா அதுக்குன்னு ஒரு பெரியவர் முறை வச்சு ஒதுங்கட்டும். டிஸ்னி பூங்காக்கள்ல இதுக்கு ஏற்பாடே உண்டு, அப்பா போயிட்டு வந்ததும் அம்மா மறுபடி வரிசையில நிக்காம போகலாம். நம்ம ஊர்ல அந்த ஏற்பாட்டுக்குப் பேர் மாமன்.

"தாத்தா பாட்டிக்கு வயசாகுது, பேரனோட ஒரு தடவை..." இந்த வாதத்துக்கு முன்னாடி நான் வாயை மூடிக்கறேன். இது உண்மையான காரணம். ஆனா இதையும் உள்ளபடி சொல்லுங்க: தாத்தாவுக்காகப் போறோம். அப்போ தாத்தாவும் பேரனும் நிழல்ல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டா அன்னிக்கு வந்த காரியம் முடிஞ்சுது. யாரும் யாரையும் ராட்டினத்துல திணிக்க வேண்டாம்.

சரி, எப்போதான் போறது?

எட்டுங்க ஒரு பத்து ரூபா நோட்டை, ஜோசியம் சொல்றேன் :-) வேற ஒண்ணுமில்ல, அஞ்சே கேள்வி:

1. ரெண்டு மூணு கிலோமீட்டர் தூக்கச் சொல்லாம நடக்குமா?
2. இருபது நிமிஷம் வரிசையில நிக்குமா?
3. பாத்ரூம், பசி, தாகம், பயம் - நாலையும் முன்கூட்டியே வாயால சொல்லுமா?
4. மதியத் தூக்கம் இல்லாம சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?
5. தானா ஆசைப்பட்டுக் கேட்டுச்சா? நீங்க போன்ல வீடியோ காட்டி ஊட்டின ஆசை கணக்குல சேராது.

அஞ்சுக்கும் ஆமான்னா கிளம்புங்க. பெரும்பாலான குழந்தைகளுக்கு அஞ்சு, ஆறு வயசுல இது கூடி வரும். சிலதுக்கு நாலுலயே வரும், சிலதுக்கு எட்டுல. பெரிய ரைடெல்லாம் ஏழுக்கு மேல.

சந்தேகமா இருந்தா ஒத்திகை பாருங்க. அதுக்குன்னே நம்ம ஊர்ல பொருட்காட்சி இருக்கு. சென்னைன்னா தீவுத்திடல், இல்லன்னா உங்க ஊர் கோவில் திருவிழா. ரெண்டு மணி நேரம், கொஞ்சம் காசு. குடை ராட்டினத்துல ஏறிச்சா, ராட்சத ராட்டினத்தைப் பாத்து ஒளிஞ்சுச்சா, சத்தத்துக்குக் காதைப் பொத்திச்சா, கூட்டத்துல எவ்வளவு நேரம் தாக்குப் பிடிச்சுதுன்னு கவனிங்க. அழுதா ஒரு டெல்லி அப்பளம் வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடலாம். நஷ்டம் ஒண்ணுமில்ல, அதனால கோபமும் வராது.

இதைப் படிக்கற நம்ம செட்டு ஆளுங்களுக்குக் கடைசியா ஒண்ணு. இன்னும் ஏழெட்டு வருஷத்துல நம்மள்ல பாதிப் பேர் கையில ஒரு வாண்டு இருக்கும். அப்போ ஆபீஸ்ல யாரோ போட்ட குடும்ப போட்டோவைப் பாத்துட்டு நமக்கும் கை அரிக்கும். அன்னிக்கு டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்க: உள்ள போன பத்தாவது நிமிஷம் குழந்தை "வீட்டுக்குப் போலாம்"னு சொன்னா, முகம் சுளிக்காம திரும்பி வர முடியுமா? முடியும்னா குழந்தை எந்த வயசானாலும் போயிட்டு வாங்க. முடியாதுன்னா இன்னும் தயாராகாதது குழந்தை இல்ல.