யார் தேர்ந்தெடுத்த பாடம்?

'விருப்பப் பாடம்' என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருக்கிறார்கள். யாருடைய விருப்பம் தோழர்களே?

கொடைரோட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் காலனிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திண்டுக்கல், இன்னொரு பக்கம் மதுரை, பெண்பிள்ளைகளுக்கு நிலக்கோட்டை அரசுக் கல்லூரி. எந்தப் பாடம் என்பதை முதலில் தீர்மானிப்பது பஸ். அடுத்து, மாலையில் பூக்கட்டவும் தோட்ட வேலைக்கும் வீட்டுக்கு ஆள் வேண்டுமா என்பது. "என்ன மேஜர் தம்பி?" என்று கேட்டால் "கெடச்சதுண்ணே" என்கிறான்.

மீதியைத் தீர்மானிப்பது சேர்க்கை மேசை. அந்தப் பக்கம் இருப்பவர் சாதிச் சான்றிதழைப் பார்க்கிறார், மார்க்கைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார். "கணக்கெல்லாம் ஒனக்கு வராதும்மா. வரலாறு எடுத்துக்க, ஈசியாப் பாஸாயிரலாம்." இதில் நமக்கும் அவமானம், வரலாற்றுக்கும் அவமானம்! எனக்கும் ஒரு கல்லூரி மேசையில் இதே புத்திமதிதான் கிடைத்தது. அய்யா வாய் திறக்காமல் நின்றார். கைநாட்டு வைக்கிறவர் வேறென்ன கேட்பார்?

இது கனிவு போலத் தெரியும். தடை விதிப்பதற்கு இன்று யாரும் சட்டம் பேசுவதில்லை. அக்கறையாகப் பேசுகிறார்கள்.

அன்று வெளிப்படையாகவே செய்தார்கள். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பாபாசாகேப் சமஸ்கிருதம் கேட்டார். தீண்டப்படாத பிள்ளைக்குக் கிடையாது என்று மறுத்தார்கள். பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. ஆனால் 1913ல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போனவர் என்னென்ன படித்தார் என்று பாருங்கள்: பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மொத்தம் 60! கதவு திறந்த இடத்தில் ஒரு மனிதன் எப்படி வாரி எடுத்திருக்கிறான்! மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தையும் அவர் விடவில்லை. பிறகு சொந்த முயற்சியில் கற்றார். 1946ல் 'சூத்திரர்கள் யார்?' எழுதியபோது வேதங்களையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார்.

'ஏதோ ஒரு டிகிரி போதும், அப்புறம் பரீட்சை எழுதிக்கலாம்' என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வங்கிப் பரீட்சையில் கணக்கும் ஆங்கிலமும்தான் நம் பிள்ளைகளைக் கழித்துக்கட்டுகின்றன. பொருளாதாரம் எடுக்கிறவன் துணைப்பாடமாகப் புள்ளியியல் கிடைக்குமா என்று கேட்கட்டும். (கவிதை எழுதுகிறவன் புள்ளியியலுக்கு வக்காலத்தா என்று சிரிக்கலாம். வட்டி போடத் தெரிந்தவனிடம்தானே நம்மாட்கள் தலைமுறையாக நிலத்தை இழந்தார்கள்?) பட்டியலில் நாலு விருப்பப் பாடம் இருக்கும். வகுப்புக்கே சேர்த்து ஒன்றைத் துறையே முடிவு செய்துவிடும். அந்த நாலையும் கேட்க மாணவனுக்கு உரிமை உண்டு. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பதையும் விளையாட்டாக டிக் அடிக்கக் கூடாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தருகிறது 2010ம் ஆண்டுச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப்படிப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காகக் கல்லூரியில் ஆங்கிலவழி எடுக்கிற பிள்ளை அந்த முன்னுரிமையை இழக்கிறது. இதை எந்த மேசையும் சொல்வதில்லை.

முதல் தலைமுறைப் பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு நாம் கருத்தரங்கில் அதிகாரம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சேர்க்கை நடக்கும் நாட்களில் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் நம்மாள் இரண்டு பேர் நிற்க வேண்டும், பேனாவோடும் பாடப் பட்டியலோடும். சேர்ந்த பிறகும், இடம் காலியிருந்தால் முதல் வாரங்களிலேயே துறை மாற்றிக் கேட்டு மனு எழுதிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பிள்ளைகளை விண்ணப்பத்தோடு வரச் சொல்லுங்கள்.